அமுக்கிப் பார்க்கும் அன்பர்களுக்கு

மதுரை உழவர் சந்தைகளிலும் தெருமுனைத் தள்ளுவண்டிகளிலும் தக்காளி பொறுக்கும் என் சக வாடிக்கையாளர்களுக்கு,



உங்கள் பெயர் எனக்குத் தெரியாது, விரல் தெரியும். கட்டைவிரலை மேலே வைத்து, ஆள்காட்டி விரலைக் கீழே கொடுத்து, ஒவ்வொரு பழத்தையும் ஓர் அமுக்கு அமுக்கிவிட்டுத்தான் தட்டில் போடுவீர்கள். விரல் கொஞ்சம் உள்ளே போனால் பழம் குவியலுக்கே திரும்பிவிடும். கல் மாதிரி நின்றால் தட்டுக்கு வரும். "ஒரு வாரம் தாங்கணும்ல" என்று பக்கத்தில் நிற்பவரிடம் சொல்லிக்கொள்வீர்கள். இதைக் குற்றமாகச் சொல்ல வரவில்லை. பதினைந்து வருஷமாக நானும் அதே விரலோடுதான் சந்தைக்குப் போய்வருகிறேன். ஆகவே இந்த மடல் எனக்கும் சேர்த்துத்தான்.

போன பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறரை இருக்கும். உழவர் சந்தையில் ஓர் அக்கா சாக்கை விரித்து இரண்டு குவியல் போட்டிருந்தார். இடது பக்கம் ஹைபிரிட். முட்டை வடிவம், ஒரே அளவு, ஒரே சிவப்பு, துடைத்து வைத்ததுபோல் மினுமினுப்பு. வலது பக்கம் நாட்டுத் தக்காளி. தட்டையாக, மடிப்பு மடிப்பாக, ஒன்று எலுமிச்சை அளவு, ஒன்று உள்ளங்கை அளவு. காம்பைச் சுற்றித் தோளில் பச்சை மாறாமல் இருந்தது. சிலவற்றில் தோல் வெடித்து ஆறின தழும்பு. இரண்டும் ஒரே விலைதான். ஏழரை மணிக்குள் இடது குவியல் காலி. வலது குவியலைத் தொட்டுப் பார்த்தவர்கள் நிறையப் பேர். வாங்கியவர்கள் மூன்று பேரோ நான்கு பேரோ. அமுக்கின விரல்கள் பதிந்து பதிந்தே அந்தப் பழங்கள் நசுங்கத் தொடங்கியிருந்தன.

"இத என்னக்கா பண்ணுவீங்க?" என்றேன்.

"ஓட்டல்காரரு ஒருத்தரு வருவாரு. குடுக்குறத வாங்கிக்கிட்டு அள்ளிக் குடுத்துருவேன். மிச்சம் ஆட்டுக்கு." படிக்கல்லை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, கேட்காமலே சொன்னார்: "விக்கிறதுக்கு அது தம்பி. எங்க வீட்டுக் கொழம்புக்கு இதான்."

விளைவிக்கிறவர் தன் வீட்டுக்கு எதை எடுத்துக்கொள்கிறார் என்பதைவிட நல்ல சான்று என்ன வேண்டும்? ஒரு கிலோ வாங்கினேன். வண்டியில் வீடு வந்து சேர்வதற்குள் மூன்று பழம் உடைந்து பையின் அடியில் சாறு தேங்கிவிட்டது. மனைவி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, உடைந்ததை ரசத்துக்குப் பிசைந்தார். கரைசலை நாக்கில் வைத்துப் பார்த்தவர், கரைத்து வைத்திருந்த புளியில் பாதியை அப்படியே எடுத்து வைத்துவிட்டார். ரசம் நுரை கட்டும்போதே மணம் கூடத்துக்கு வந்தது. மகள் அறையிலிருந்து எட்டிப் பார்த்து, "என்னம்மா போட்ட?" என்றாள். "ஒண்ணும் போடல. தக்காளிதான்."

இந்த ஐப்பசியில் அதே அக்காவிடம் போனேன். ஒரே குவியல்தான் இருந்தது. முட்டை வடிவம். "நாட்டுத் தக்காளி எங்கக்கா?" என்று கேட்டேன். "யாரு தம்பி வாங்குறா? நீங்க ஒரு ஆளு" என்றார்.

இந்த மடல் அந்தப் பதிலிலிருந்து பிறந்தது.

தக்காளியில் ருசி போய்விட்டது என்று நாம் பேசாத நாளில்லை. கேட்டால் உரம் என்போம், மருந்து என்போம், எல்லாம் கலப்படம் என்போம். நடந்தது அதைவிட எளிது. நாம் விரலால் ஒன்றைக் கேட்டோம். அது நமக்குக் கிடைத்தது. கெட்டியான பழம் விற்கும் என்று கடைக்காரர் மண்டியில் சொன்னார். மண்டிக்காரர் விவசாயியிடம் சொன்னார். விவசாயி விதைக் கடையில் கேட்டார். விதைக் கம்பெனி அப்படியே உருவாக்கித் தந்தது. இந்தச் சங்கிலியில் ஒருவர்கூட ருசியைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. நாமும் கேட்கவில்லை.

கெட்டித் தக்காளியையும் நாட்டுத் தக்காளியையும் குறுக்கே வெட்டி அருகருகே வைத்துப் பாருங்கள். கெட்டித் தக்காளியில் சுவர் தடிமன். உள்ளே இரண்டு மூன்று அறைகள். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் விதை. நாட்டுத் தக்காளியில் சுவர் மெலிசு. அறைகள் ஐந்து, ஆறு, ஏழு. எல்லாவற்றிலும் வழியும் கூழ். புளிப்பு பெரும்பாலும் அந்தக் கூழில்தான் இருக்கிறது. உப்புமல்லாத புளிப்புமல்லாத ஒரு ருசி, நாக்கின் ஓரத்தில் எச்சில் ஊறவைக்கிறதே, அதைத் தரும் குளுட்டமேட்டும் சதையைவிடக் கூழில்தான் அதிகம். சுவர் தடித்துக் கூழ் குறைந்தால் 14 கிலோ பெட்டியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கலாம். ஒட்டன்சத்திரத்தில் ஏற்றி எந்த ஊரில் இறக்கினாலும் உடையாது. லாரிக்கு ஏற்ற பழம் அது.

அடுத்தது அந்தத் தோள் பச்சை. "பழுக்காத பழத்தைத் தலையில் கட்டுகிறார்கள்" என்று நாம் ஒதுக்கும் பச்சை. தக்காளி காயாக இருக்கும்போதே தோளில் பச்சையத்தைக் கூட்டி, வெயிலைப் பிடித்து அங்கேயே கொஞ்சம் சர்க்கரை செய்துகொள்ளும். சில செடிகளில் இதற்கான மரபணு பழுதாகிவிடும். அவற்றின் காய் முழுக்க ஒரே வெளிர்பச்சை; பழமும் ஒரே சீரான சிவப்பு. பார்க்க அழகாக இருக்கிறதே என்று உலகம் முழுக்கப் பயிர் வளர்ப்பாளர்கள் அந்தச் செடிகளையே பல பத்தாண்டுகள் தேர்ந்தெடுத்து வந்தார்கள். சீரான நிறத்தைத் தேடியபோது சர்க்கரை செய்யும் அடுப்பையும் அணைத்துவிட்டார்கள் என்பது 2012இல்தான் ஆய்வாளர்களுக்கு விளங்கியது. 2017இல் இன்னொரு ஆய்வு வந்தது. ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தின் ஹாரி க்ளீயும் சகாக்களும் சுமார் 400 தக்காளி ரகங்களை ஒப்பிட்டார்கள். பழைய ரகங்களோடு பார்க்கும்போது, ருசியோடு தொடர்புள்ள 13 வாசனைச் சேர்மங்கள் இன்றைய வணிக ரகங்களில் கணிசமாகக் குறைந்திருந்தன. யாரும் வேண்டுமென்று அழிக்கவில்லை. யாரும் கவனிக்கவில்லை, அவ்வளவுதான். கவனிக்காத குணம் நாலு தலைமுறையில் காணாமல் போய்விடும்.

மூன்றாவது பறிக்கும் பக்குவம். தூரத்து மண்டிக்குப் போகிற தக்காளியைச் செங்காயாகவே பறித்துவிடுவார்கள்; பலநேரம் அதற்கும் முன்னால். வழியில் நிறம் ஏறிவிடும். ஆனால் செடியிலிருந்து வரவேண்டிய சர்க்கரை பறித்த நிமிஷமே நின்றுவிடுகிறது. வெளியே பழம், உள்ளே காய். நம் விரல் தேடித் தேடி எடுப்பது இதைத்தான்.

"அப்படியானால் ஹைபிரிட் எல்லாம் விஷம், நாட்டு ரகம் எல்லாம் அமிர்தம்" என்று நான் சொல்ல வருவதாக நினைத்துவிடாதீர்கள். நாட்டுத் தக்காளி என்று இன்று நாம் வாங்குவதில் பி.கே.எம். 1 என்ற ரகமும் உண்டு. நமக்குப் பக்கத்தில் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில் உருவானது. தேனிப் பக்கத்து அன்னஞ்சி என்ற உள்ளூர் ரகத்தில் திடீர்மாற்றம் உண்டாக்கித் தேர்ந்தெடுத்தது. தட்டையான உருண்டை, தோளில் பச்சை. தூரம் அனுப்பத் தோதான ரகம் என்றுதான் அதையும் வெளியிட்டார்கள்! இன்னும் பின்னால் போனால் தக்காளியே நம்முடையது கிடையாது. தென் அமெரிக்காவில் பிறந்து, மெக்சிகோவில் வீட்டுப்பயிராகி, போர்ச்சுக்கீசியர் வழியாக இங்கே வந்த செடி. தக்காளி என்ற பெயர் இங்கிருந்த சின்னச் செடிகளுக்குரியது. மணத்தக்காளி அந்த வீட்டுப் பிள்ளை. கப்பலேறி வந்ததைச் சீமைத் தக்காளி என்றார்கள். பிறகு சீமை உதிர்ந்து, பெயர் மட்டும் தங்கிவிட்டது. ஆகவே "நாட்டு" என்பதைக் குலப்பெருமையாக நினைத்து நான் வாதாடவில்லை. ருசியாக இருந்தால் ஹைபிரிட்டாக இருக்கட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை. ஐப்பசி மழையில் தண்ணீர் குடித்து வீங்கின பழம் நாட்டு ரகமாகவே இருந்தாலும் சப்பென்றுதான் இருக்கும்.

விவசாயி பக்கத்து நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். பி.கே.எம். 1 ஹெக்டேருக்கு 30, 35 டன் தரும். வீரிய ஒட்டு ரகங்கள் அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். வெள்ளை ஈ பரப்பும் இலைச்சுருட்டை வைரஸ் வந்தால் தோட்டமே முடங்கிவிடும். அதைத் தாங்கும் ஒட்டு ரகங்கள் இருக்கின்றன. குச்சி நட்டு, கம்பி இழுத்துக் கட்டினால் பழம் தரையில் படாது, அழுகாது. கடன் வாங்கிப் பயிர் வைக்கிறவரைப் பார்த்து, "நீ ருசிக்காக நஷ்டப்படு" என்று சொல்ல நமக்கு வாய் ஏது? அந்த அக்கா நாட்டு ரகத்தை விட்டதில் தப்பே கிடையாது. நான் அவரிடத்தில் இருந்தால் ஒரு வருஷம் முன்னாலேயே விட்டிருப்பேன்.

அப்படியானால் பணம் யார் தருவது? இங்கேதான் உங்களோடு கொஞ்சம் சண்டை போட வேண்டியிருக்கிறது. 2023 ஜூலையை நினைத்துப் பாருங்கள். தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டி ஓடியது. சென்னையில் ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு அரசே விற்க வேண்டி வந்தது. அப்போதும் வாங்கினோம். அரைக் கிலோ, கால் கிலோ என்று குறைத்துக்கொண்டோம், ஆனாலும் வாங்கினோம். இன்னொரு மாசம் பாருங்கள், பறிகூலிக்குக்கூடக் கட்டாமல் விவசாயி சாலையோரத்தில் கொட்டிவிட்டுப் போவார். அப்போதும் நாம் கிலோவுக்கு இரண்டு ரூபாய் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசுவோம். தட்டுப்பாட்டுக்காக நூறு ரூபாய் அதிகம் தருகிறவர்கள், ருசிக்காக எட்டு ரூபாய் அதிகம் தர மாட்டோமா? கணக்கும் பெரிதாக ஒன்றும் உதைக்காது. ருசியில்லாத தக்காளி ஆறு போட்டு, புளியைக் கூட்டி, சீனி ஒரு சிட்டிகை, காஷ்மீரி மிளகாய்த்தூள் நிறத்துக்கு என்று நாம் செய்யும் சட்னியை, நல்ல பழம் நாலு போட்டே செய்துவிடலாம்.

வாங்கி வந்தபின் நம் வீட்டிலேயே நடக்கும் கொலை ஒன்றும் இருக்கிறது: ஃபிரிட்ஜ். 2016இல் தக்காளியை 5 டிகிரி குளிரில் ஏழு நாள் வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். சர்க்கரையும் புளிப்பும் அப்படியே இருந்தன, வாசனை குறைந்துவிட்டது. வாசனையை உண்டாக்கும் மரபணுக்களையே குளிர் அடக்கிவிடுகிறது. வெளியே எடுத்து வைத்தாலும் அவை முழுசாக எழுந்திருக்கவில்லை. "ஒரு வாரம் தாங்கணும்" என்று நாம் போடும் கணக்கின் முடிவு இதுதான். ஒரு வாரம் தாங்குகிறது. எதற்குத் தாங்குகிறது என்றுதான் தெரியவில்லை. பாட்டி வீட்டில் முறத்தில் பரப்பி, காம்புப் பக்கம் கீழே இருக்கும்படி கவிழ்த்து வைப்பார்கள். தக்காளியின் தோல் காற்றுப் புகாத தோல். ஈரம் போவதும் மணம் வருவதும் பெரும்பாலும் காம்பு இருந்த அந்தக் குழி வழியாகத்தான். கவிழ்த்து வைத்தால் சீக்கிரம் வாடாது. கூழாகும் அளவுக்குக் கனிந்துவிட்டதென்றால் மட்டும் ஓரிரு நாள் ஃபிரிட்ஜில் வையுங்கள்; அழுகவிடுவதைவிட அது மேல்.

அந்தக் குழியை நன்றாக நினைவில் வையுங்கள். பழத்தைச் சோதிக்க வேண்டிய இடம் அதுதான். அமுக்காதீர்கள், எடுத்து மோந்து பாருங்கள். நன்றாகக் கனிந்ததில் மணம் அங்கே வரும். செங்காயாகப் பறித்து நிறம் ஏறினதில் ஒன்றும் வராது. மூக்கால் மோந்தால் பழம் நசுங்குவதுமில்லை.

தக்காளிக்கு மட்டும் இதைச் சொல்லவில்லை. கொத்தமல்லியைப் பாருங்கள். பெரிய இலை, நீளத் தண்டு, ஒரு கட்டு வாங்கினால் பை நிறைகிறது. கிள்ளிப் போட்டால் ரசத்தில் மிதக்கிறது, மணக்கவில்லை. நாட்டு மல்லி குட்டையாக, வேரில் மண்ணோடு, பாதிக் கட்டுதான் இருக்கும். ஒருவர் கையில் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் ஏறினால் கடைசி சீட்டுக்குத் தெரியும். கொய்யாவில் தேங்காய் அளவுக்குத் தாய்லாந்து ரகம் வந்துவிட்டது, கடித்தால் தண்ணீர். பழநிப் பக்கம் ஆயக்குடியிலிருந்து வரும் கொய்யாவை வீட்டுக்குள் வைத்தால் ஒளித்து வைக்க முடியாது. கத்தரியில் வேலூர் இலவம்பாடி முள் கத்தரிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. காம்பில் முள் குத்தும். அதைப் பொறுத்துக்கொண்டு வாங்குகிற ஜனம் அங்கே இருந்ததால்தான் அந்தக் கத்தரி இன்னும் இருக்கிறது. சிறுமலை வாழைப்பழமும் அப்படித்தான். சின்னது, தோல் கறுத்திருக்கும், மெத்தென்றிருக்கும். அதைப் பச்சை நாடான் அளவுக்கு நேராக, பளபளப்பாக இருக்கவேண்டும் என்று மதுரைக்காரர் யாரும் கேட்டதில்லை. முடிக்கொத்து நோய் மலைத்தோட்டங்களை அவ்வளவு அழித்தும் அந்தப் பழம் பிழைத்துக் கிடக்கிறது. காரணம் அதைத் தேடிப் போய்க் கேட்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சிறுமலைப் பழத்துக்கு நாம் காட்டும் பொறுமையில் கால்வாசியைத் தக்காளிக்கும் காட்டினால் போதும்.

உங்களிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. வாரத்துக்கு மூன்று கிலோ ஒரேயடியாக வாங்காமல், இரண்டு தடவையாக வாங்குங்கள். ஒவ்வொரு தடவையும் கனிந்ததாக, உடனே சமைக்க. விற்கிறவரிடம் "கிலோ எவ்வளவு?" என்பதோடு "எப்பப் பறிச்சது? என்ன ரகம்?" என்றும் கேளுங்கள். முதலில் சிரிப்பார்கள். நாலு பேர் கேட்டால் பதிலைத் தயாராக வைத்திருப்பார்கள். தோளில் பச்சை இருந்தால், தோலில் தழும்பு இருந்தால், கோணலாக இருந்தால் ஒதுக்காதீர்கள். குழம்பில் கோணல் தெரியாது. வாங்கியது நன்றாக இருந்தால் அடுத்த வாரம் போய் அவரிடமே சொல்லுங்கள். ருசிக்காக ஒரு நல்ல வார்த்தையை அவர்கள் கேட்டு எத்தனை நாளாயிற்றோ.

முதல் உழவர் சந்தை நம் மதுரை அண்ணா நகரில்தான் 1999 நவம்பர் 14 அன்று திறந்தது. விளைவிக்கிறவரும் சமைக்கிறவரும் நடுவில் யாருமில்லாமல் முகம் பார்த்துக்கொள்ளட்டும் என்பதுதானே அதன் ஏற்பாடு? 300 கிலோமீட்டர் போகாத தக்காளி அங்கே வருகிறது. அங்கும் போய் லாரிக்குச் செய்த பழத்தையே நாம் கேட்டால், அந்தச் சந்தை எதற்கு?

கடைசியாக ஒன்று. அன்று "நீங்க ஒரு ஆளு" என்று அந்த அக்கா சொன்னபிறகு நான் கிளம்பிவிடவில்லை. "எத்தனை ஆளு இருந்தா நடுவீங்க?" என்று கேட்டேன். சில்லறையை எண்ணிக்கொண்டே யோசித்தார். "வாரம் ஒரு பெட்டி போயிருமுன்னா நாலு பாத்தி போடலாம். வெத கெடக்கு. சாம்பல்ல பெரட்டி டப்பாவுல போட்டு வச்சிருக்கேன்" என்றார். ஹைபிரிட் விதையை அப்படி எடுத்து வைக்க முடியாது. வருஷா வருஷம் கடையில் வாங்க வேண்டும். இது அவருடைய விதை. வாங்க ஆளில்லாமல் போன பிறகும் எறிய மனசில்லாமல் வைத்திருக்கிறார்.

ஒரு பெட்டி 14 கிலோ. ஏழு வீடு, வீட்டுக்கு 2 கிலோ. என் வீடு ஒன்று. எங்கள் தெருவில் மூன்று வீடுகளில் பேசிவிட்டேன்; ஒரு வீட்டில் "பார்ப்போம்" என்றார்கள், அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. இன்னும் நான்கு வீடு வேண்டும். கார்த்திகை பிறந்துவிட்டது. இப்போது நாற்றங்கால் விட்டால் ஒரு மாசத்துக்குள் நடவு. மாசி வெயிலில் முதல் பறிப்பு. தக்காளிக்கு அதைவிட நல்ல வெயில் கிடையாது.

வருகிற ஞாயிறு காலை ஆறரைக்கு நான் அங்கே நிற்பேன். அக்காவிடம் எண்ணிக்கை சொல்ல வேண்டும். குவியலைப் பார்த்ததும் உங்கள் கட்டைவிரல் தானாக நீளும். என்னுடையதும் நீளும். பக்கத்தில் நின்றால், ஒருவரையொருவர் தடுத்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
பையில் பழம் உடைந்து வீடு வந்த ஒரு சக வாடிக்கையாளர்
மதுரை